சிறுமியரின் சில்லறைச் சண்டைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

சில்லறை என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. சிறு நாணயம் என்பது ஒன்று. அற்பமானது என்பது மற்றொன்று. "அது சில்லறை விஷயம், விடு" என்று பெரியவர்கள் ஒதுக்குவது இந்த இரண்டாம் பொருளில்தான். ஆனால் நம் பள்ளியின் தொடக்கப் பிரிவில் சில்லறை ஒருபோதும் சில்லறை விஷயம் அன்று. ஓர் ஐந்து ரூபாய்க்காக, ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்ட தோழியர் இருவர் ஒரு மாதம் வரை முகம் பார்க்காமல் இருந்தது உண்டு.

மதிய இடைவேளையில் மேல் வகுப்பு மாணவியர் சிலர் முறை வைத்துக்கொண்டு சிறு குழந்தைகளைக் கவனித்து வருவதைப் பெற்றோர் அறிவார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது, சிந்திய சாம்பார் சாதத்தைத் துடைப்பது, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிடுவது ஆகியவை எங்கள் வேலைகள். எஞ்சிய நேரத்தில் நாங்கள் நீதிபதிகள்! "அக்கா, இவ என் காசத் தர மாட்டேங்கறா!" என்ற முறையீடு எழாத வாரமே இல்லை. வேப்பமரத்தடிச் சிமெண்டு பெஞ்சுதான் நீதிமன்றம். அந்தப் பெஞ்சில் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டவற்றையும், சட்டம் படித்த என் பெரியப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். தம்பி தங்கையர் உள்ள தோழியர்க்கும், இதே வழக்கை வீட்டில் விசாரிக்க நேரும் தாய்மார்களுக்கும் இது பயன்படலாம்.

பிடித்துத் தள்ளினாள், கிள்ளினாள் என்று வரும் சண்டைகள் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். காசுச் சண்டை அப்படி ஆறுவதில்லை. காரணம், காசு எண்ணக்கூடிய பொருள். அதோடு, மாலையில் ஒருவர் அதை எண்ணிப் பார்க்கப் போகிறார். "காலையில் குடுத்த பத்து ரூபா எங்கே?" என்று அம்மா கேட்பாரே என்னும் அச்சம்தான் பெரும்பாலும் நம் முன் நின்று அழுகிறது. ஆகவே எவள் எடுத்தாள், எவள் கொடுத்தாள் என்று தொடங்குமுன், "வீட்டில் யாராவது கேட்பார்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்பார்கள் என்று அவள் தலையசைத்தால், நாட்குறிப்பில் அவள் அம்மாவுக்கு இரண்டு வரி எழுதித் தரும்படி வகுப்பாசிரியையிடம் சொல்கிறோம். அழுகையில் முக்கால் பங்கு அப்போதே நின்றுவிடுகிறது. மீதமுள்ள கால் பங்கே உண்மையான வழக்கு.

அந்த உண்மையான வழக்குகளில் பலவற்றுக்குக் காரணம் பொய்யும் அன்று, பேராசையும் அன்று. "குடு" என்ற ஒரே சொல்தான் காரணம் என்பது என் கருத்து. மூன்றாம் வகுப்புச் சிறுமியர் இருவர் வருகிறார்கள். "நான் இவளுக்கு அஞ்சு ரூபா குடுத்தேன் அக்கா" என்கிறாள் ஒருத்தி. "ஆமாக்கா, குடுத்தா" என்று மற்றவளும் ஒப்புக்கொள்கிறாள். வழக்கு முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. முதலாமவள் மனத்தில் அது கடன். இரண்டாமவள் மனத்தில் அது அன்பளிப்பு. தமிழில் இரண்டையும் "குடு" என்றுதான் சொல்கிறோம். "வாங்கினா" என்பதும் அப்படியே. கடையில் வாங்கினாலும், கடன் வாங்கினாலும், பரிசு வாங்கினாலும் ஒரே வினைதான். (அடி வாங்கினாலும் அதே வினை என்பது வேறு விஷயம்.) பெரியவர்கள் "கடனாக", "சும்மா", "கைமாற்றாக" என்று ஒரு சொல்லை முன்னே சேர்த்துக்கொள்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த முன்சொல்லை எவரும் கற்றுத் தரவில்லை. தோழி கையேந்தினாள், இவள் கொடுத்தாள். மறுநாள் கேட்கும்போது, "நீதானே குடுத்தே!" என்று அவள் வியப்பது நடிப்பு அன்று.

கைமாற்று என்பது எத்தனை அழகான சொல்! ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, வட்டியில்லாமல் விரைவில் திரும்ப வேண்டிய பணம் என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. இந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தோம். காசு கை மாறுமுன் "சும்மாவா, கைமாத்தா?" என்று கேட்டுவிட வேண்டும் என்பதே விதி. அவர்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ரப்பர், பென்சில், கடலைமிட்டாய்த் துண்டு எதைக் கொடுத்தாலும் இப்போது அந்தக் கேள்விதான் கேட்கிறது. பாதி தின்ற மிட்டாயைக் "கைமாத்து" என்று கேட்டவளும் உண்டு.

இரண்டையும் சொல்லாமல் கொடுத்து வாங்கிய பழைய காசுக்கு என்ன தீர்ப்புச் சொல்வது? இருவரும் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் இருவர் காதிலும் படும்படி சொல்லிவிட வேண்டும். பிறகு காசு எங்கே என்று பார்க்க வேண்டும். கையில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வயிற்றுக்குள் போயிருந்தால், கொடுத்தவளிடம், "இதை இனிச் சும்மா என்று வைத்துக்கொள்ள உனக்கு மனம் உண்டா?" என்று கேட்கலாம். கேட்கலாமே தவிர, அவளை வற்புறுத்தக் கூடாது. "நல்ல பிள்ளை இல்லையா, விட்டுக்கொடு" என்று நாம் எல்லாரும் எளிதில் சொல்லிவிடுகிறோம். அதனால் விட்டுக்கொடுக்கும் குழந்தையே ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுக்க நேர்கிறது. அவள் மனம் இல்லை என்றால், இருவர் வீட்டுக்கும் தெரிவித்துப் பெரியவர்கள் வழியாகத் திருப்புவதே முறை. ஏனெனில் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு வருமானம் ஏது?

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உரிய வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். இன்று அந்த வயது 18. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்பவர் உரிய வயது நிரம்புமுன் தம் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். அந்த வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. சிறார் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று 1903இல் தீர்ப்பாயிற்று. ஆக, நம் வேப்பமரத்தடிக் கடன்கள் ஒன்றுகூடச் சட்டப்படி செல்லாதவை! இதைச் சிறுமியரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்காம் வகுப்புக் கெட்டிக்காரி ஒருத்தியின் காதில் இது எப்படியோ விழுந்துவிட, "அப்போ நான் தர வேண்டாம்தானே அக்கா?" என்று ஓடி வந்தாள். நீதிமன்றம் உன்னைக் கேட்காது, உன் தோழி கேட்பாள் என்று சொல்லி அனுப்பினோம்.

வட்டிக் கதை ஒன்றும் உண்டு. நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி "இன்னிக்கு அஞ்சு, நாளைக்கு ஆறு" என்ற கணக்கில் கேண்டீன் வாசலில் கடன் கொடுத்து வந்தாள். ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். ஐந்து ரூபாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்றால், நூற்றுக்கு இருபது, அதுவும் ஒரே நாளைக்கு. முப்பது நாள் போனால் வட்டி மட்டும் முப்பது ரூபாய், அசலைப்போல் ஆறு மடங்கு. இத்தகைய வட்டியின் கொடுமையைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே அது தடை செய்திருக்கிறது. அந்தச் சிறுமிக்கு இது எங்கிருந்து தெரிந்தது என்று நாங்கள் அதட்டிக் கேட்கவில்லை. மாலைதோறும் தெருவில் தண்டல் பிரிக்க வருபவரைப் பார்க்கும் குழந்தைக்கு, பணம் கொடுத்தால் கூடப் பணம் வரும் என்பது உலக வழக்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கொடுத்த ஐந்தை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் வாங்கியதைத் திருப்பிவிட வேண்டும் என்று சொன்னபோது, தன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். எல்லாம் எழுதி வைத்திருந்தாள்! அந்தக் கூட்டல் கழித்தலில் ஒரு பிழைகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் வரும் வழக்குகள் வேறு வகை. அங்கே காசின் மதிப்பே வேறு. ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்து மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு சென்ற குழந்தையை நாங்கள் அறிவோம். "ஒண்ணு குடுத்தேன், மூணு கிடைச்சுது!" சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகள் முன் இரண்டு வரிசையாகச் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்தார். ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்பியபோது, அதில்தான் அதிகம் இருக்கிறது என்று சிறு குழந்தைகள் சொன்னார்கள். கண்ணுக்கு அதிகமாகத் தெரிவதே அதிகம். ஆகவே மாற்றிக்கொண்டவளை ஏமாற்றுக்காரி என்று அழைக்குமுன் அவள் வயதைக் கேட்க வேண்டும். அவளும் ஆறு வயதானால், தான் மூன்று கொடுத்து ஒன்று பெற்ற ஏமாளி என்றே எண்ணிக்கொண்டிருப்பாள். இதில் விசாரணையே வேண்டாம். மாற்றியதை மறுபடி மாற்றிவிட்டால் போதும்.

பத்து ரூபாய் நாணயம் பற்றி இன்னொன்று. நம் ஊர்ப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் அதை வாங்க மறுத்துவந்ததால், அது "செல்லாத காசு" என்று குழந்தைகளும் நம்பிவிட்டார்கள். செல்லாத காசைத் தந்து ஏமாற்றினாள் என்று ஒரு வழக்கு. அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்திருக்கிறது. ஐம்பது காசும் சட்டப்படி செல்லும். இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும்தான் 2011 ஜூன் 30ஆம் நாளோடு செல்லாமல் போயின. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து நான்கு இருபத்தைந்து காசு எடுத்து வந்து, ஒரு ரூபாய் ஆயிற்றே என்று வாதாடிய இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குக் கணக்கு சரிதான், காலம்தான் தவறிவிட்டது.

கிழிந்த நோட்டு வழக்கும் ஒன்று வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் பத்து ரூபாய் நோட்டு நடுவில் கிழிந்தது. இரு துண்டுகளும் ஒரே நோட்டைச் சேர்ந்தவையாக, எண் முதலியவை குறையாமல் இருந்தால், ஒட்டி எடுத்துச் சென்று வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். தனித்தனியே எடுத்துப் போனால் கதை வேறு. இருபது ரூபாய் வரையுள்ள நோட்டுகளில், துண்டு பாதிக்கு மேல் இருந்தால்தான் முழுப் பணம் கிடைக்கும்; இல்லையேல் ஒன்றும் கிடையாது. இதைக் கேட்டதும் இருவரும் தத்தம் துண்டை அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்! பசைப் புட்டியை நடுவில் வைத்த பிறகுதான் அமைதி ஏற்பட்டது.

பலர் சேர்ந்து போட்ட பணம் இன்னொரு தொல்லை. ஆசிரியையின் பிறந்த நாளுக்குப் பூங்கொத்து வாங்க ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று வசூல் செய்வார்கள். பூங்கொத்து வந்துவிடும். மிச்சம் எவ்வளவு, எவளிடம் என்பதில் சண்டை. மரியாதை ராமன் கதைகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நால்வர் ஒரு மூதாட்டியிடம் பணப்பானையைக் கொடுத்து, நால்வரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவன் தந்திரமாக வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். மற்ற மூவரும் அவள்மீது வழக்குத் தொடுக்க, "நால்வரும் சேர்ந்து வாருங்கள், தருவாள்" என்று மரியாதை ராமன் தீர்க்கிறான். இக்கதையை நான்காம் வகுப்பில் சொன்ன பின், வசூல் பணத்தை ஒருத்தி வைத்துக்கொள்வது, கணக்கை வேறொருத்தி எழுதுவது, இருவரும் சேர்ந்தால்தான் எடுப்பது என்று அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

இருவர் சேர்ந்து வாங்கிய பொருளைப் பிரிக்க நேர்ந்தால், ஒருத்தி பிரிக்கட்டும், மற்றவள் முதலில் எடுக்கட்டும். பன்னிரண்டு வண்ணப் பென்சில்களை இப்படிப் பிரித்தபோது, பிரித்தவள் சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொரு பென்சிலின் நீளத்தையும் ஒட்டிப் பார்த்த கவனத்தை எந்தத் தேர்விலும் கண்டதில்லை. ஆபிராமும் தம் நிலத்தைப் பிரிக்க நேர்ந்தபோது லோத்தைத்தானே முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னார்!

நிற்க. இதுவரை சொன்னவை புன்னகையோடு முடிபவை. "காணோம்" என்று தொடங்கி "எடுத்துட்டா" என்று முடியும் வழக்கு அப்படிப்பட்டதன்று. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வேறோர் ஊரில் என் சித்தி மகள் படித்த பள்ளியில் நடந்தது இது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சுற்றுலாவுக்குக் கொண்டுவந்த ஐம்பது ரூபாயைக் காணவில்லை. "யார் பக்கத்தில் இருந்தது?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் வந்தது. வகுப்பின் முன்னிலையில் அந்தப் பெயருக்குரியவளின் பை கொட்டப்பட்டது. அதில் பணம் இல்லை. ஆனாலும் மாலை வேனில் எல்லாக் குழந்தைகளும் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அப்பா தினக்கூலி வேலை செய்பவர் என்பதால் அந்தப் பெயர் எளிதாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் பணம் கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா அதைப் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்குள் செருகி வைத்திருந்தார், குழந்தை மறந்துவிட்டாள். கிடைத்துவிட்டது என்ற செய்தி, காணவில்லை என்ற செய்தி போன வேகத்தில் போகவில்லை. அந்தச் சிறுமி இரண்டு வாரம் வயிற்று வலி என்று பள்ளிக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டாளாம்.

ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் சட்டப்படி குற்றம் ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்ததன் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அக்குழந்தைக்கு வந்திருக்கவில்லை என்றால் அதுவும் குற்றம் ஆகாது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. நாட்டின் நீதிபதிகளே சொல்லத் தயங்கும் சொல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுக்காரிகள் நாம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாமா?

லூக்கா நற்செய்தியில் பத்து வெள்ளி நாணயங்களில் ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமையை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அவள் விளக்கேற்றினாள், தன் வீட்டைக் கூட்டினாள், கவனமாகத் தேடினாள். அண்டை வீட்டாரை அழைத்தது கண்டுபிடித்த பின்புதான், அதுவும் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்வதற்காக. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் இதை விளக்கியபோது எனக்கு எங்கள் பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. காசைக் காணோம் என்று ஒரு குழந்தை வந்தால் முதலில் தேட வேண்டியது அவளுடைய பொருள்களில்தான். பை, ஜாமெட்ரி பாக்ஸ், டிபன் கூடை, புத்தக அட்டைகள், பாவாடைப் பை, ஏன், காலுறைக்குள்கூடத் தேட வேண்டும். காலுறைதான் இந்தப் பிரிவின் முக்கிய வங்கி. அடுத்தது அவள் நடந்த வழி. குழாயடி, கேண்டீன் வரிசை, கழிவறைப் பக்கம் என்று அவளோடு சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். அதற்கும் பின்னரே அறிவிப்பு. அந்த அறிவிப்பிலும் "காணவில்லை" என்ற சொல் மட்டுமே இருக்க வேண்டும். அலுவலக வாசலில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. கண்டெடுத்தவர் எவரும் கேள்வியின்றி அதில் போடலாம். கண்டெடுத்த பொருளை ஒப்படைக்கப்பட்ட பொருளைப்போல் பாதுகாக்க வேண்டும் என்பது பெரியப்பா சொன்ன அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு. எடுத்த குழந்தையே போட்டாலும் போடட்டும். அவள் முகத்தை எவரும் பார்க்கப்போவதில்லை.

அப்படியும் கிடைக்காமல், ஒருத்தி எடுத்தாள் என்பதற்குத் தக்க காரணமும் இருந்தால், அது எங்கள் பெஞ்சுக்கு உரிய வழக்கன்று. சிஸ்டரிடம் தனியே சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறோம். பசியால் எடுத்தாளா, எல்லாரும் வாங்குவதைத் தானும் வாங்க ஆசைப்பட்டாளா, வேறு எவரேனும் எடுத்துவரச் சொன்னார்களா என்பதைப் பெரியவர்களால்தான் கேட்க முடியும்.

விசாரிக்கும் முறையைப் பற்றியும் சில வார்த்தைகள். முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். ஒரு காசுச் சண்டைக்குக் குறைந்தது ஆறு சாட்சிகள் வருவார்கள். அறுவரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு ஒருத்தி பேசி முடிக்கும்வரை மற்றவள் பேசக் கூடாது. பேசாமல் இருக்க முடியாதவளிடம் என் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, முள் இரண்டு சுற்றுச் சுற்றும்வரை பார்க்கச் சொல்வேன். "பொய் சொல்லாதே" என்று தொடங்கினால் வாய் அடைத்துக்கொள்ளும். "நேற்று" என்ற சொல்லை நம்பிவிடவும் கூடாது. ஆறு வயதுக் குழந்தைக்கு நேற்று என்பது போன வாரமாகவும் இருக்கலாம், போன தீபாவளியாகவும் இருக்கலாம். "கம்ப்யூட்டர் வகுப்பு இருந்த நாளா?" என்று கேட்டால் சரியான விடை வரும்.

சொல்லிப் புரியாத கணக்கை நாங்கள் புளியங்கொட்டையால் நடித்துப் பார்க்கிறோம். ஒரு கொட்டை ஒரு ரூபாய். "நீ எத்தனை வைத்திருந்தாய்? எடுத்துக்கொள். அவளுக்கு எத்தனை கொடுத்தாய்? கொடு. கேண்டீன் அண்ணனுக்கு எத்தனை?" என்று நடத்திக்கொண்டே போனால், காணாமற்போன இரண்டு ரூபாய் முறுக்கில் போயிற்று என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். நாங்கள் தீர்ப்புச் சொல்லவே வேண்டியதில்லை. இக்காலக் குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி மிகவும் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. 2016இல் யு.பி.ஐ. வந்த பின்பு கடைக்குப் போனால் அப்பா கைப்பேசியைக் காட்டுகிறார், "டிங்" என்று ஒலி வருகிறது, பொருள் வந்துவிடுகிறது. மீதிச் சில்லறை எண்ணி வாங்குவதைக் குழந்தை பார்ப்பதே குறைந்துவிட்டது.

தற்செயலாக நேர்ந்த இழப்பை வேறாகவே வைக்க வேண்டும். தோழியின் இருபது ரூபாய் நாணயத்தைப் பார்க்க வாங்கியவள் கைதவறிச் சாக்கடைக்குள் போட்டுவிட்டாள். ஐந்து ரூபாயை வேண்டுமென்றே ஒளித்தவளைவிட இவளே பெரிய குற்றவாளி என்று கூடியிருந்த குழந்தைகள் எல்லாரும் சொன்னார்கள், இருபது பெரியதாயிற்றே! பியாஜே 1932இல் வெளியிட்ட நூலிலும் இதுவே வருகிறது. தெரியாமல் பதினைந்து கோப்பைகளை உடைத்த பையனுக்கும், திருட்டுத்தனமாகத் தின்பண்டம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்த பையனுக்கும் இடையே, சிறு குழந்தைகள் முதலாமவனையே அதிகம் குறை கூறினார்கள். நோக்கத்தைப் பார்க்கும் கண் அவர்களுக்கு மெல்லத்தான் திறக்கிறது. அதுவரை அந்தக் கண்ணாக மூத்தவர்களே இருந்தாக வேண்டும்.

இளகிய மனமுடைய தோழியருக்கு ஒரு விண்ணப்பம். அழும் குழந்தையைப் பார்த்ததும் உங்கள் பணப்பையைத் திறந்துவிடாதீர்கள். ஓர் அக்கா அப்படித் திறந்தார். மறுநாள் இடைவேளையில் நான்கு குழந்தைகள் காசைத் தொலைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்வதற்கு மன்னிக்கவும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் காசு விவகாரத்தை எழுதாதீர்கள். இங்கே இரண்டு சிறுமியர் மறுநாளே கைகோத்துக்கொண்டு திரிகிறார்கள். அங்கே இரண்டு குடும்பங்கள் ஆண்டு விழாவில்கூடப் பேசிக்கொள்வதில்லை.

கடைசியாக, எங்கள் பெஞ்சுக்கு வராத வழக்குகள். இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை நாள்தோறும் பத்து ரூபாய் கொண்டுவருவாள். ஒரு நாளும் கேண்டீனில் எதுவும் வாங்கமாட்டாள். கேட்டால் "பசிக்கல அக்கா" என்பாள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன்னை விளையாட்டில் சேர்த்துக்கொள்வதற்காக அந்தப் பத்து ரூபாயை ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கொடுத்துவந்தாள் என்பது தெரியவே மாதக் கணக்காயிற்று. அங்கே சண்டையும் இல்லை, முறையீடும் இல்லை. ஆகவே இந்தப் பருவத்திலிருந்து, முறையில் இருக்கும் எங்களில் ஒருத்தி பெஞ்சில் உட்காராமல் கேண்டீன் வரிசைக்கு அருகில் நிற்கிறாள். கையில் காசு இருந்தும் வரிசையில் நிற்காத குழந்தை எவள், எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்து, அன்று மாலையே சிஸ்டரிடம் சொல்கிறாள்.